பறக்காத நாளின் கட்டணம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

நான் வேலையை விட்டு வந்த கடைசி வாரத்தில் உங்களில் ஒரு தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் விமானம் ஏன் மட்டக்களப்பில் வந்து தங்குகிறது? இங்கே ஓடுபாதை குட்டை. மாரியில் வாவித் தண்ணீர் விளிம்புவரை ஏறி நிற்கும். எண்ணெய்கூட வெளியிலிருந்துதான் வர வேண்டும். வசதியான பெரிய நிலையம் ஒன்றில் தங்க வைத்தால் எல்லாருக்கும் சுகம்தானே என்றார். நல்ல கேள்வி. ஆனால் அந்த நேரம் பயணிகள் வந்துவிட்டார்கள். எனக்கும் நாலு பேருக்கு நடுவில் நின்று நீளமாகக் கதைக்க வராது. அதனால் இருந்து எழுதுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். விமானம் எங்கே இரவு தங்குகிறதோ அங்கேதான் அதன் காலை தொடங்கும். கொழும்பில் தங்கும் விமானம் கொழும்புக்காரரின் வேலையை முடித்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்க வரும். அது இங்கே வந்து இறங்கும்போது வெயில் ஏறிவிடும். அதில் ஏறி நம்முடைய ஆட்கள் கொழும்புக்குப் போனால் கிளினிக்கில் நம்பர் முடிந்திருக்கும், அரசாங்கக் கந்தோரில் நாளைக்கு வா என்பார்கள். இங்கே தங்கும் விமானம் விடியும்போது நம்முடைய ஆட்களோடு எழும்பும். அன்று மாலையே அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். தளம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அது யாருடைய காலை என்பதுதான் விசயம்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் எங்கள் கம்பனி இங்கே வந்தது. ஒரேயொரு சின்ன விமானம். பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடின கட்டணத்தில் கொழும்புக்குப் போகலாம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். தளத்துக்கு இரண்டு இடம் பார்த்தார்கள். ஒன்று மட்டக்களப்பு. மற்றது உள்நாட்டுப் பக்கம், மழை குறைந்த ஊர். பெயர் வேண்டாம். இரண்டிலும் அரை வருடம் அரை வருடமாகப் பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவு. மட்டக்களப்பின் முறை முதலில் வந்தது. இறங்கு கட்டணமும் தரிப்புக் கட்டணமும் இங்கே மலிவு என்பதுதான் காரணம். வேறு அன்பு எதுவும் இல்லை.

எங்கள் நிலைய மனேஜர் மன்னார்ப் பக்கத்து மனிதர். நான் வேலை செய்த காலம் முழுவதும் இப்படி ஒருவரோடு வேலை செய்கிறோமே என்று மனதுக்குள் வியந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். சின்ன விமானம் என்றால் பெட்டியை மட்டும் நிறுத்தால் போதாது, ஏறுகிற ஆளையும் நிறுக்க வேண்டும். தராசுக்குப் பொறுப்பு நான். மற்ற நிலையங்களில் ஒருவர் நிறுத்து எண்ணைக் கூப்பிடுவார், இன்னொருவர் எழுதுவார். எங்கள் மனேஜர் முதல் நாளே தராசை முகம் சுவர்ப் பக்கம் இருக்கத் திருப்பி வைத்தார். எண் என் கண்ணுக்கு மட்டும் தெரியும். வாயால் சொல்லக்கூடாது என்றார். பெண்கள் ஏறும்போது அவரே வெளியில் போய் வாகனம் பார்ப்பதுபோல் நிற்பார். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தத் தராசில் பயமில்லாமல் ஏறினார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். இதை அவர் யாருக்கும் விளக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்தவர்களை ஒருமுறை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். என் முறை வந்த அன்று விமானம் வாவிக்கு மேலே ஒரு வளைவு வளைந்தது. நான் பிறந்து வளர்ந்த இடம். ஆனாலும் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் வயல் வட்டைகள் பச்சையாகக் கிடந்தன. நடுவில் வாவி. மறுபக்கம் கடல். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் இருந்த மண் ஒரு முழத் துணி அளவுதான். இந்தத் துணியின் மேலேதான் இத்தனை பேர் வீடு கட்டி, பிள்ளை பெற்று, கோயிலும் பள்ளிவாசலும் கட்டி இருந்தோம். சுனாமியில் கடல் வந்த அன்று அது ஏன் ஒரே மூச்சில் இந்தப் பக்கம் வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கரையோரத்தில் வீடுகளின் அத்திவாரம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. யாரோ பாய்களை விரித்துவிட்டு எழும்பிப் போனதுபோல இருந்தது. விமானி அந்த இடத்தில் எஞ்சின் சத்தத்தைக் குறைத்தார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையோ தெரியாது.

இனி பூமணி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எல்லாரையும்விடக் கூட இழக்க இருந்தவர் அவர்தான்.

அவர் மாங்கேணி. கடல் வந்த அன்று கணவரையும் தோணியையும் ஒன்றாக இழந்தவர். பிறகு சண்டை பெருத்து, ஊரைவிட்டு ஓடி, முகாம் முகாமாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவரைப் போன்ற பெண்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து, கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கும் களப்பில் கூடு கட்டி நண்டு வளர்த்தார்கள். வளர்த்த நண்டைக் கொழும்புக்கு அனுப்புவதுதான் பாடு. றோட்டால் போனால் வெயிலில் பாதி செத்துப்போகும். அதனால் லொறிக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து தனக்கு விருப்பமான விலைக்கு எடுப்பார். விமானம் வந்தபின் பூமணி அக்கா விடியுமுன் சின்னப் பட்டா லொறியில் ஓட்டமாவடி, ஏறாவூர் தாண்டி எங்களிடம் வருவார். கால் கட்டிய நண்டுகள் ஈரச்சாக்கு மூடிய, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் கிடக்கும். ஆட்கள் ஏறியபின் வாலடியில் அந்தப் பெட்டிகளை ஏற்றுவோம். கொழும்பில் கடைக்காரர் கடை திறக்கும்போது நண்டு உயிரோடு போய்ச் சேரும். உயிர் நண்டுக்கும் செத்த நண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அவர்களுடைய வீடுகளில் அடுப்பு எரிந்தது. மத்தியானம் புறப்படும் விமானம் அவர்களுக்கு எதற்கும் உதவாது.

மழை தொடங்கும்வரை எல்லாம் நன்றாகப் போனது.

எங்கள் ஓடுபாதை அப்போது விமானப்படை முகாமுக்குள் இருந்தது. காலை எட்டு மணிக்குத்தான் அது வழக்கமாகத் திறக்கும். எங்களுக்காக விடியற்காலையில் திறக்க வேண்டும் என்றால் தீயணைப்பு வண்டி வெளியில் வந்து நிற்க வேண்டும், ஆட்கள் காவலுக்கு நிற்க வேண்டும், விளக்குப் போட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு கட்டணம். அதிகாலைத் திறப்பு என்று பெயர். தொடங்கும்போது அதைப் பெரிதாக ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. ஐப்பசி கடைசியில் மழை இறங்கியதும்தான் அது தலையைக் காட்டியது. விடியற்காலையில் ஓடுபாதையைத் திறந்துவிடுவார்கள். விமானி வானத்தைப் பார்த்துவிட்டு இன்று ஏலாது என்பார். ஆனாலும் கட்டணம் வரும். திறந்தோம், ஆட்கள் நின்றார்கள், விளக்கு எரிந்தது, பறந்தீர்களா இல்லையா என்பது எங்கள் பாடு இல்லை என்றார்கள் கட்டணம் எடுப்பவர்கள். பறக்காத நாளுக்கு ஏன் கட்ட வேண்டும் என்றது எங்கள் கம்பனி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அது தீரவில்லை.

கடைசியில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. திறப்புக் கட்டணம் முழுவதையும் கம்பனி இனிச் சுமக்காது. ரிக்கட் விலையையும் கூட்ட முடியாது, மலிவு என்று சொல்லித்தானே வந்தோம். மாத முடிவுக்குள் வேறு வழி கிடைக்காவிட்டால் விமானம் மற்ற ஊருக்குப் போகும்.

இப்படி ஒரு முடிவு வந்தால் பயணிகளுக்குச் சொல்லக்கூடாது என்பதுதான் எல்லாக் கம்பனியிலும் வழக்கம். சொன்னால் அவர்கள் இப்போதே விட்டுவிட்டுப் போவார்கள். நாங்களும் அப்படித்தான் மனேஜரிடம் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“போகப் போறது அவங்கட காலை. அவங்களுக்குத் தெரியாம அதை எடுக்கிறது சரியில்ல,” என்றார்.

அடுத்த நாள் காலை, தகரக் கூரை போட்ட எங்கள் காத்திருப்பு மண்டபத்தில் அவர் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னார். கட்டணம் எது, ஏன் வருகிறது, கம்பனி என்ன சொல்கிறது, விமானம் எப்போது போகும். ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவருடைய வேலைக்கே அது ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு வண்ணக்கர் கொழும்புக்குப் போக வந்திருந்தார். வண்ணக்கர் என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவர். மாதம் ஒருமுறை மருந்துக்குப் போவார். அவர் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு யோசிக்கிறீர்கள் என்பதுபோல் கையை விரித்தார்.

“கோயில்ல திருவிழாவை ஒரு ஆளா தனிய நடத்திற? குடிக்கு ஒரு நாள். அந்த நாள்ர செலவு அந்தக் குடிர. இதுக்கும் நாள் போடுங்க. கிழமைக்கு ஆறு காலை கிடக்கு. ஆறு பகுதி ஆக்கள் எடுங்க. எடுத்த ஆக்கள் அண்டையத் திறப்புக் காசக் குடுக்கட்டும்.”

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது ஒவ்வொரு தாய்வழிச் சந்ததிக்கும், ஒரு நாள் உண்டு. அன்றைய செலவு அவர்களுடையது. அன்றைய மரியாதையும் அவர்களுடையதுதான். அந்த நாளில் வேறு குடி கை வைக்க முடியாது.

ஏறாவூர் ஹாஜியார் ஒருவரும் அன்று இருந்தார். புடவைக் கடைக்காரர். கிழமை தவறாமல் பறப்பவர். அவர் உடனே ஓம் என்றார். ஏறாவூர்க் கடைக்காரருக்கு ஒரு நாள். காத்தான்குடி நெசவுக்காரர் ஒரு நாள் எடுப்பார்கள், அதைத் தான் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஆசிரியர்மாருக்கு ஒரு நாள், வெளிநாடு போகிறவர்களை அனுப்பும் முகவர்களுக்கு ஒரு நாள், மாங்கேணி நண்டுக்கு ஒரு நாள், வண்ணக்கருடைய பக்கத்துக்கு ஒரு நாள். அரை மணித்தியாலத்தில் ஆறு நாளுக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. நான் தராசுக்குப் பக்கத்தில் நின்று இதைக் கண்ணால் பார்த்தேன். கடல் வந்து போய், சண்டை வந்து போய், எல்லாரும் ஒன்றுமில்லாமல் இருந்து எழும்பிய ஊர். அந்த ஊரில் ஆட்கள் கையைத் தூக்கிச் செலவைக் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் தம்பி, வேலை அதோடு முடியவில்லை. எங்கள் ஊர் அப்படி இலேசாக முடிக்காது. முதல் நாள் யாருக்கு என்று தொடங்கியது.

கோயிலில் முதல் நாளுக்கு ஒரு பெருமை உண்டு. கிழமையின் முதல் நாள் திங்கள். அந்தத் திங்கள் யாருக்கு? வண்ணக்கர் தங்களுக்கு என்றார். ஹாஜியார் தங்களுக்கு என்றார். அடுத்த சில நாட்கள் விமானத்தில் யார் போனாலும் வந்தாலும் இதுதான் பேச்சு.

“முதல் முதல்ல ப்ளேன் வந்த நாள் படியில கால் வச்ச ஆள் நான். இந்த மகள்தான் தராசில நிறுத்தவ. கேளுங்க,” என்று ஹாஜியார் என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏறினது சரி ஹாஜியார். ஏறினது எந்த மண்ணில? அந்தப் பாதை கிடக்கிற இடம் எங்கட முன்னோர்ர வட்டை.”

“வட்டைக்கு மேல இப்ப தாரெல்லா கிடக்கு, வண்ணக்கரையா. தாருக்கும் உங்கட குடிப்பேர் இரிக்கா?”

மண்டபம் முழுவதும் சிரித்தது. வண்ணக்கரும் சிரித்தார். ஆனால் இரண்டு பேரும் விடவில்லை. திங்கள் கிடைக்காவிட்டால் வேறு நாள் வேண்டாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது. அவர்கள் விலகினால் மற்றவர்களும் விலகுவார்கள். பூமணி அக்கா ஒவ்வொரு காலையும் நண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம் மெல்லமாகக் கேட்டார், “புள்ள, இவங்க ரெண்டு பேரும் சண்டை பிடிச்சி முடிக்கக்குள்ள ப்ளேன் நிக்குமா?” மாத முடிவு கிட்டத்தான் இருந்தது.

நாங்கள் மனேஜரைப் பிடித்தோம், நீங்கள் பெரியவர், யாருக்காவது திங்களைக் கொடுத்து முடியுங்கள் என்று. அவர் மறுத்துவிட்டார். “நான் குடுத்தா அது கம்பனி குடுத்த நாள். அவங்கட நாள் இல்ல,” என்றார். அப்போது அது எனக்குப் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

கட்டணம் சம்பந்தமாக மட்டக்களப்பில் பெரிய தகராறு என்று கொழும்பில் கேள்விப்பட்டு, கணக்குப் பகுதியிலிருந்து ஒரு மிஸ்ஸை அனுப்பினார்கள். இளம் பிள்ளை. கெட்டிக்காரி. வந்து இறங்கியதும் என்னிடம்தான் கேட்டார், கட்ட மாட்டோம் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. ஒருவரும் சொல்லவில்லை மிஸ், எல்லாரும் முதலில் கட்ட வேண்டும் என்றுதான் சண்டை என்றேன். அவர் என்னை இரண்டு தரம் பார்த்தார்.

எல்லாரையும் மண்டபத்தில் கூட்டினார்கள். மிஸ் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவருடைய நல்ல மனதில் தோன்றியதைச் சொன்னார். ஆறு பெயரையும் எழுதி, சுருட்டிப் போட்டு, சீட்டெடுப்போம். யாருக்கும் அநியாயம் இல்லை.



“புள்ள,” என்றார் வண்ணக்கர், குரலை உயர்த்தாமல். “குடி நாளுக்குச் சீட்டுக் குலுக்கினா அண்டையோட அந்தக் கோயில் முடிஞ்சி.”

“அவர் சொல்றது சரிதான் மகள்,” என்றார் ஹாஜியார். “சீட்டில விழுந்த மரியாதைய வச்சி நான் என்ன செய்யிற?”

இத்தனை நாளில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான். இரண்டு பேரும் எழும்பிவிட்டார்கள். ஆசிரியர்மார் பக்கத்திலும் ஆட்கள் எழும்பினார்கள். மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது. பூமணி அக்கா மட்டும் எழும்பவில்லை. எழும்பி அவர் எங்கே போவது.

மனேஜர் வாசலில் நின்றார். மறித்துக்கொண்டு நிற்கவில்லை, சும்மாதான் நின்றார். இப்போதாவது ஏதாவது சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் வெளியே போகிறவர்களைப் பார்க்கவில்லை, மிஸ்ஸைப் பார்த்தார்.

“மிஸ், நீங்க கேக்க வந்த மற்றக் கேள்வியையும் இவங்களிட்டக் கேட்டுப்போட்டுப் போங்க,” என்றார்.

மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தாள்களைக் கீழே வைத்தார்.

“நீங்க ஆறு நாளும் எடுத்தாலும் கணக்குச் சரிவராது,” என்றார். “திங்கள் உங்களுக்கு எண்டு வைப்போம். திங்கள் விடிய மழை. ஓடுபாதையைத் திறந்திட்டாங்க. ப்ளேன் போகல்ல. அந்தக் காசை யார் குடுக்கிறது? மழைக்காலத்தில அப்படி நாள் எத்தனை வருமெண்டு சொல்லேலா. எங்களுக்குப் பெரிய அடி அந்த நாள்தான். அதுக்கு ஆள் இல்லாட்டி நான் போய் ப்ளேனை எடுங்க எண்டுதான் சொல்ல வேணும்.”

எழும்பியவர்கள் நின்றார்கள். வண்ணக்கர் யோசித்துவிட்டு, நடக்காத திருவிழாவுக்கு யாரும் செலவு ஏற்பதில்லை என்றார். அது வழக்கத்தில் இல்லை. ஹாஜியார் ஓடாத பஸ்ஸுக்கு ரிக்கட் எடுப்பதா என்று கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் முந்திய பகிடி இல்லை. கூரையில் மழை மெல்லமாகத் தட்டத் தொடங்கியது எனக்கு ஞாபகம்.

பூமணி அக்கா எழும்பினார். ஆம்பிளைகள் இருக்கும் கூட்டத்தில் அவர் அதுவரை வாய் திறந்ததில்லை. நானும் அப்படித்தான் என்பதால் எழும்புவதற்கே அவருக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“மழ நாள எங்களுக்குத் தாங்க,” என்றார்.

மிஸ் விளங்காமல், உங்களுக்கு வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறதே அம்மா என்றார்.

“வெள்ளி வேற ஆரும் எடுக்கட்டும். ஆறு நாளும் நல்ல நாள், அதுக்கு ஆள் வரும். எங்களுக்கு மழ நாள்.” பிறகு மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். “மழ பெய்ஞ்சாத்தான் களப்பில தண்ணி மாறும். தண்ணி மாறினாத்தான் எங்களுக்கு நண்டு. அண்டைக்கு ப்ளேன் போகாட்டியும் நண்டு கூட்டில கிடக்கும், சாகா. மத்த ஆக்களுக்கு அது கெட்ட நாள். எங்களுக்குத் தாற நாள் அதுதான். அப்ப அதிர செலவு ஆர்ர? எங்கட.”

மண்டபத்தில் இருந்த எல்லாரிலும் கையில் குறைந்தது உள்ளவர் அவர்தான். நான் மனேஜருக்குக் கிட்டப் போய், சேர், அவவிடம் வாங்கக் கூடாது, பாவம், வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று காதோடு சொன்னேன்.

“வேண்டாமெண்டு சொல்ல நான் ஆர், தங்கச்சி?” என்றார் அவர். அவ்வளவுதான்.

பிறகு நேராக நடந்துபோய்ப் பூமணி அக்காவுக்கு முன்னால் நின்றார். நண்டுப் பெட்டித் தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

“சரி அக்கா. மழை நாள் உங்கட நாள்,” என்றார்.

தம்பி தங்கச்சிமாரே, நான் இந்த எழுத்தை எழுதுவது இந்த இடத்துக்காகத்தான். நம்முடைய வேலையில் மற்றவரின் பாரத்தை வாங்கி இறக்கிப் பழகிவிடுகிறோம். அது நல்ல பழக்கம். ஆனால் ஒருவர் யோசித்து, இது என்னுடையது என்று கேட்டு வாங்கும் பாரத்தை அவர் தலையிலேயே வைத்துவிடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று அன்றுதான் கண்டேன். பாவம் பார்த்து மறுத்திருந்தால் நாங்கள் எல்லாரும் நல்லவர்களாக வீட்டுக்குப் போயிருப்போம். விமானமும் போயிருக்கும். பூமணி அக்கா அந்தக் கூட்டத்தில் ஒரு பாவப்பட்ட விதவையாகத் திரும்ப உட்கார்ந்திருப்பார்.

ஹாஜியார்தான் முதலில் பேசினார். “தங்கச்சி, பெரிய மழையெண்டா கஷ்டம். பாதிய நாங்க போடுறம்.”

“ஹாஜியார், உங்கட நாளில நான் கை வைக்கல்ல,” என்றார் பூமணி அக்கா.

அது கேட்டு வண்ணக்கர் சிரித்தார். வழக்கம் தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு அது. பிறகு ஹாஜியாரின் பக்கம் திரும்பினார். “வாங்க இருப்பம். அவட நாளுக்குப் பிறகு வாற எல்லா நாளும் ரெண்டாம் நாள்தான். நீங்க திங்கள எடுத்தா என்ன, நான் எடுத்தா என்ன.”

ஹாஜியார் வந்து இருந்தார். “அப்ப நீங்களே வச்சிக்கங்க திங்கள,” என்றார். வண்ணக்கர் இல்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் ஒரு சண்டையாகும் போல் இருந்தது. மிஸ் அவசரமாகக் குறுக்கே வந்து, திங்களை ஆசிரியர்மாருக்குக் கொடுத்துவிட்டார். ஒருவரும் மறுக்கவில்லை. பத்து நிமிடத்தில் வெள்ளிக்கும் ஆள் வந்து எல்லா நாளும் முடிந்தது.

அந்த மிஸ் கொழும்புக்குப் போய் என்ன சொன்னாரோ தெரியாது. போவதற்கு முன் தராசில் ஏறி நின்றபோது என்னிடம் சொன்னார், எங்கள் கந்தோரில் கட்டணத்துக்கு இவ்வளவு காலம் சண்டை பிடித்திருக்கிறேன், இப்படி ஒரு சண்டையைக் கண்டதில்லை என்று. விமானம் மாத முடிவில் போகவில்லை. மற்ற ஊரின் பரீட்சை நடக்கவேயில்லை.

பிறகு வந்த முதல் மழை நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

விடியற்காலையிலேயே வடக்கே ஏறாவூர்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடுபாதையைத் திறந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஆட்கள் மழைக்கோட்டோடு பக்கத்தில் நின்றார்கள். ஓடுபாதை ஓரத்து விளக்குகள் எல்லாம் எரிந்தன. விமானி வெளியில் வந்து வானத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். நாங்கள் பயணிகளுக்குச் சொன்னோம். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்கள். அவர்கள் போகும் வழியில் பட்டா லொறி வந்து நின்றது. நண்டுப் பெட்டி ஒன்றும் இல்லை. பூமணி அக்காவும் அவரோடு வேலை செய்யும் இரண்டு பெண்களும் மட்டும், தலையில் பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மாங்கேணியில் புறப்படும்போதே பெரிய மழையாம். இன்று எங்கள் நாள் என்று தெரிந்துதான் வந்தோம் என்றார்கள்.

பூமணி அக்கா தந்த திறப்புக் காசை மனேஜர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு, வந்து பாருங்கள் அக்கா என்றார். காவலில் நின்றவரிடம் ஏதோ கதைத்தார். அவர் கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். மூன்று பெண்களும் உள்ளே போய், தார் தொடங்கும் விளிம்பில் நின்றார்கள். நானும் பின்னால் போய் நின்றேன்.

ஓடுபாதை முழுவதும் தண்ணீர். விளக்குகள் இரண்டு வரிசையாகத் தூரம்வரை எரிந்து, ஈரத் தாரில் இன்னொரு முறை எரிந்தன. அதற்கு அப்பால் வாவி தெரியவில்லை, மழைதான் தெரிந்தது. தீயணைப்பு வண்டிக்காரர் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றார்கள். விமானம் ஒரு பக்கம் கயிற்றில் கட்டுண்டு நின்றது. ஒருவரும் எங்கேயும் போகவில்லை. ஆனாலும் எல்லாம் திறந்து கிடந்தது.

பூமணி அக்கா நெடுநேரம் பார்த்தார்.

“இந்தப் பக்கத்தால ஹெலி எழும்பின சத்தம் கேட்டா நாங்க பிள்ளையளையும் இழுத்திட்டு பங்கருக்குள்ள விழுவம்,” என்றார், பக்கத்தில் நின்ற பெண்களிடம். “இங்க வந்து நிப்பம் எண்டு ஆருகா நினைச்ச.”

ஒருத்தி முந்தானையால் முகத்துத் தண்ணீரைத் துடைத்தாள். அது மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

பறக்கவில்லை என்றால் உடனே ஆட்களைப் போகச் சொல்லி, விளக்கை அணைத்து மூடிவிடுவது வழக்கம். மூடுங்கள் என்று சொல்ல வேண்டியவர் எங்கள் மனேஜர். மழைக்கோட்டுக்காரர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பூமணி அக்காவின் பக்கம் திரும்பினார்.

“அக்கா, மூடச் சொல்லட்டா?”

தன்னிடம்தான் கேட்கிறார் என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“கொஞ்சம் எரியட்டும், தம்பி,” என்றார்.